ஐரோப்பாவின் பின்தங்கிய வட்டாரங்களில் புத்தாக்க நிதி ஏன் தேங்குகிறது?

கேள்வி: 2021-27 நிதிச் சுற்றில், தலைக்குரிய உற்பத்தி ஒன்றியச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழுள்ள வட்டாரங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் திட்டச் செலவில் 85 சதவீதம் வரை தருகிறதே. பிறகும் ஏன் பணம் தேங்குகிறது?

பதில் 1: மீதி 15 சதவீதத்தையாவது அந்த நாடோ, வட்டாரமோ, நிறுவனமோ திரட்டணும். பல திட்டங்களில் நிறுவனம் முதலில் தன் கைக்காசைப் போட்டுவிட்டு, ரசீது காட்டித்தான் பணம் திரும்பப் பெறும். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அது முடியாது. விண்ணப்பம் எழுதவே ஆள் இருக்காது. ஒதுக்கிய பணத்துக்கு, பொதுவாக ஒதுக்கிய ஆண்டுக்குப் பிந்தைய மூன்றாம் ஆண்டு முடிவுக்குள் செலவுக் கணக்கு காட்டாவிட்டால் ரத்து. அந்த அவசரத்தில் கட்டடமும் கருவியும் வாங்கிவிடுவார்கள். இயக்க ஆள் இருக்காது!

பதில் 2: எந்தத் துறையில் பணம் போடுவது என்று வட்டாரங்கள் தேர்ந்தெடுக்கும் விதமும் காரணம். உள்ளூரில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பல வட்டாரங்கள் பயோடெக், ஐடி என்றே எழுதுகின்றன. ஆனால் போலந்தின் பொட்கார்பாட்ஸ்கி வட்டாரம் விமானத் தொழிலை எடுத்தது. அங்குள்ள ஜெஷூஃப் நகரில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தொடங்கிய விமான இயந்திர ஆலையும், ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஏற்கெனவே இருந்தன.

பதில் 1: சரிதான். அப்படி ஆலை எதுவும் இல்லாத ஊரில், ஆய்வகத்துக்கு முன் சிறு நிறுவனங்களுக்கு ஆலோசகர் கட்டணத்துக்கு உதவும் கூப்பனும் ஒரு பொறியாளர் சம்பளமும் கொடுங்கள்.