மறு: 'லோன்ஸ் ஃபார் ஷேர்ஸ்' என்பதற்குத் தமிழ்ச்சொல்

> 'பங்கு ஈட்டுக் கடன்' என்று போடலாமா? அல்லது 'அடகு ஏலம்'? 1990களின் ருஷ்யா பற்றிய கட்டுரைக்கு வேண்டும்.

வணக்கம் ஐயா,

'பங்கு ஈட்டுக் கடன்' வேண்டாம் என்பது என் கருத்து. பங்குகளை ஈடாக வைத்துக் கடன் வாங்குவது எல்லா வங்கிகளிலும் அன்றாடம் நடப்பது. 1995 இறுதியில் ருஷ்யாவில் நடந்தது அப்படிப்பட்ட சாதாரணக் கடன் இல்லை.

அதிபர் யெல்த்சின் அரசிடம் பணம் இல்லை. சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் பாக்கி. அடுத்த ஆண்டு அதிபர் தேர்தல் வேறு. அந்த நேரத்தில் வங்கியாளர் பொத்தானின் ஒரு திட்டம் கொண்டுவந்தார்: எண்ணெய், உலோக நிறுவனங்களில் அரசுக்கு இருக்கும் பங்குகளை வங்கிகள் பிடித்துக்கொண்டு அரசுக்குக் கடன் தரும். எந்த வங்கி தருவது என்பதை ஏலம் தீர்மானிக்கும்.

ஏலத்தை நடத்தியதே பெரும்பாலும் ஏலம் கேட்ட வங்கிகள்தான். நோரில்ஸ்க் நிக்கல் நிறுவனத்தின் 38 சதவீதப் பங்குக்குத் தொடக்க விலை 17 கோடி டாலர். பொத்தானினின் ஒனெக்சிம் வங்கித் தரப்பு அதற்கு மேல் ஒரு லட்சம் டாலர் மட்டும் கூட்டிக் கேட்டு வென்றது. 35.5 கோடி டாலர் கேட்ட போட்டியாளரைத் தகுதியில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். யூக்கோஸ் எண்ணெய் நிறுவனம் கோதர்கோவ்ஸ்கி என்பவரின் மெனாதெப் வங்கிக்குப் போனதும் இதே மாதிரிதான். 1996 செப்டம்பருக்குள் அரசு கடனை அடைக்கவில்லை. அப்புறம் வங்கிகள் அந்தப் பங்குகளை விற்றன. வாங்கியவர்களும் பெரும்பாலும் அவர்களைச் சேர்ந்தவர்களே. மக்கள் உழைப்பில் எழுந்த சுரங்கங்களும் எண்ணெய் வயல்களும் இப்படிக் கைமாறியதை வெறும் 'கடன்' என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

'அடகு ஏலம்' கிட்டத்தட்ட சரி. ருஷ்யர்களும் இதை ஈட்டு ஏலம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் நம் வாசகருக்கு அடகு ஏலம் என்றால் நகையை மீட்காமல் விட்டபின் கடைக்காரர் போடும் ஏலம். இங்கே வரிசையே வேறு. முதலில் ஏலம், பிறகு அடகு, கடைசியில் விற்பனை. ஏலத்தில் கேட்டது பங்கை அல்ல, பங்கை அடகு பிடிக்கும் உரிமையை.

ஆகவே 'அடகுரிமை ஏலம்' என்று பரிந்துரைக்கிறேன். முதல்முறை வரும் இடத்தில் 'பங்கு அடகுரிமை ஏலம்' என்று முழுதாகப் போட்டால் குழப்பம் வராது. அடமானம், ஒத்தி இரண்டும் நிலம், வீடு நினைவைத் தருவதால் தவிர்த்தேன். ஆனாலும் ஒத்தியில் ஒரு பொருத்தம் இருக்கிறது: ஒத்திக்கு எடுத்தவர் சொத்தை அனுபவிப்பது போல, இந்த வங்கிகள் கையில் இருந்த பங்குகளை வைத்து நிறுவனங்களையே நடத்தின. இதைக் கட்டுரையில் விளக்கமாகச் சேருங்கள்.

பின்னால் நடந்த விற்பனைக்கு 'ஈட்டுப் பங்கு விற்பனை' போதும் என்று நினைக்கிறேன். சட்டத்துறை நண்பர்கள் இதைவிட நல்ல சொல் வைத்திருந்தால் எழுதுங்கள்.