மேலூர் வீட்டுச் சொந்தங்கள்

பாண்டி சித்தப்பா, காலை 6:38
செல்வி, அண்ணன் ராத்திரி தூங்கினாரா? பெரியவனுக்கு வாங்கிய ஆஸ்துமா இன்ஹேலர் ஒன்று பிரிக்காமல் கிடக்கிறது. கொடுத்து விடவா?

செல்வி, காலை 6:51
மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூங்கினார் சித்தப்பா. இன்ஹேலர் வேண்டாம். ஆஸ்துமா இல்லை என்று நேற்று தெரிந்துவிட்டது. ஆளாளுக்குப் போன் போட்டுக் கேட்கிறீர்கள், எல்லோருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தனம் அத்தை, காலை 6:53
சொல்லு தாயி. விடிய விடிய எனக்குக் கண்ணே மூடவில்லை.

செல்வி, காலை 7:04
இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கிறது. கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் பிரஷர் வேறு, இது வேறு. அப்பாவுக்குக் கைப் பிரஷர் சரியாகத்தான் இருக்கிறது. முதலில் எக்கோ என்ற இதய ஸ்கேனில் சந்தேகப்பட்டார்கள். நேற்று கழுத்து வழியாக மெல்லிய குழாய் விட்டு நேராகவே அளந்துவிட்டார்கள். சராசரி 20-ஐத் தாண்டக் கூடாதாம், அப்பாவுக்கு 41.

சித்தப்பா, நம் கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் உப்புப் படிந்து துவாரம் சுருங்கினால் மோட்டார் முக்குமே, அப்படித்தான் இதயத்தின் வலது பக்கம் முக்குகிறது. நாலு படி ஏறினால் இரைப்பது அதனால்தான். கால் வீக்கத்துக்கும் அது ஒரு காரணம்.

கார்த்தி, காலை 7:10
மதினி, குழாய் ஏன் சுருங்கியது? மாமா பீடி, சிகரெட் தொட்டதே இல்லையே.

செல்வி, காலை 7:22
வேர் நுரையீரலில் இல்லை கார்த்தி, எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது. நோயை எதிர்க்கும் புரதத்தைச் செய்யும் பிளாஸ்மா செல்களில் ஒரு கூட்டம் கெட்டுப்போய், ஒரே மாதிரிப் புரதத்தைச் செய்து தள்ளுகிறது. கூடவே விஇஜிஎஃப் என்ற ஒரு பொருள் ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறுகிறது. அது ரத்தக்குழாய்களைக் கசிய வைக்கும், கண்டபடி வளரவும் வைக்கும். நுரையீரல் குழாய்கள் தடித்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம் என்கிறார் டாக்டர்.

போயம்ஸ் என்பது நோயின் பெயர். ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 1980-இல் வைத்தார்களாம். நரம்புக் கோளாறு, உறுப்புகள் பெரிதாவது, ஹார்மோன் கோளாறு, அந்தப் புரதம், தோல் மாற்றம். ஐந்தில் மூச்சிரைப்பு இல்லவே இல்லை, பாருங்கள். மிக அபூர்வமான நோய் வேறு.

தனம் அத்தை, காலை 7:25
தோல் கறுத்ததை நான்தான் முதலில் கேட்டேன். வெயிலில் அலைகிறேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

செல்வி, காலை 7:34
ஆமாம் அத்தை. நகம் வெளுத்ததும் காலில் முடி அடர்த்தியானதும் இதே நோயின் வேலைதான். போன வருஷம் சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவை அன்று தல்லாகுளம் கூட்டத்தில் அப்பாவின் ஒரு செருப்பு கழன்றுவிட்டது. அது தெரியாமலே தார் ரோட்டில் வீடு வரைக்கும் நடந்து வந்தார். அம்மா பார்த்துக் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தார். உள்ளங்காலில் கோலிக்குண்டு அளவு கொப்புளம், அதை விரலால் அமுக்கிப் பார்த்து, வலிக்கவில்லையே என்றார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அதற்கப்புறமும் ஒரு வருஷம் சர்க்கரையால் வந்த மதமதப்பு என்று மாத்திரை சாப்பிட்டோம். சர்க்கரை அளவு எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. அதற்குள் பூ மூட்டைக்கு முடிச்சுப் போடக்கூட விரல் வரவில்லை. அன்றைக்கே வேறு இடத்தில் காட்டியிருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

பாண்டி சித்தப்பா, காலை 7:36
உன்மேல் என்ன தப்பு தாயி. நாங்களும் கூடத்தானே இருந்தோம்.

கார்த்தி, காலை 7:41
நேராகவே கேட்கிறேன் மதினி. இது கேன்சரா?

செல்வி, காலை 7:53
ரத்தப் புற்றுநோய்க்குப் பார்க்கும் டாக்டர்தான் பார்க்கிறார். மைலோமா என்ற புற்றுநோய்க்கு இது பக்கத்து உறவு, ஆனால் அதுவே இல்லை. அப்பாவுக்குக் கெட்ட செல்கள் கொஞ்சம்தான். வைத்தியமும் மைலோமாவுக்குக் கொடுப்பதே: லெனலிடோமைடு மாத்திரை, வாரம் ஒரு நாள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின். உடம்பு தேறினால் ரத்தத்தை உண்டாக்கும் அப்பாவின் ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துக்கொண்டு, பலமான மருந்து கொடுத்து, திரும்ப ஏற்றுவார்கள்.

ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள். மஜ்ஜைக்கு வைத்தியம் நடந்தால் நுரையீரல் அழுத்தமும் இறங்குவது உண்டு, சிலருக்கு நன்றாகவே இறங்கியிருக்கிறது. ‘மூச்சுக்குத்தானே வந்தோம், கேன்சர் மாத்திரை எதற்கு’ என்று நேற்று அப்பாவே கேட்டார். நாமும் அதையே அவர் காதில் போட்டால் நிறுத்திவிடுவார். மூச்சு சரியாவதற்குத்தான் அந்த மாத்திரை. நரம்பு மெதுவாகத்தான் தேறும், மாதக்கணக்கு ஆகும்.

தனம் அத்தை, காலை 7:56
சரி தாயி. தூதுவளை ரசம் கொண்டுவரலாமா? சளிக்குக் கேட்குமே.

செல்வி, காலை 7:59
சளி இல்லை அத்தை. டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை மூலிகை எதுவும் வேண்டாம். உப்புக் குறைத்த பருப்பு ரசம் கொண்டுவாருங்கள், உங்கள் கைப்பக்குவத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பாண்டி சித்தப்பா, காலை 8:03
பதினொரு மணிக்கு நான் வருகிறேன், நீ வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு வா. வேறு என்ன வேண்டும்?

செல்வி, காலை 8:06
பின்னால் வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி சித்தப்பா, கழலாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு 8-ஆம் நம்பர். இப்போது வீக்கம் இருக்கிறது, 9 வாங்குங்கள்.