ஆண்ட்ரூ மரே: குலமும் மரணமும்

கோத்தகிரி வாசகி:
வணக்கம். குன்னூர்ப் பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றில் ஸ்காட்லாந்துப் பெயர்களைப் படித்தபடி நடந்தபோது ‘மரே’ என்ற குடும்பப் பெயர் கண்ணில் பட்டது. அதைத் தேடிப் போன நான், 1297இல் ஸ்காட்லாந்து விடுதலைப் போராளி வில்லியம் வாலஸுடன் சேர்ந்து ஆங்கிலேயரை வென்ற ஆண்ட்ரூ மரேயிடம் வந்து சேர்ந்தேன். அவர் எந்தக் குலத்தவர்? ஸ்டர்லிங் போரிலேயே இறந்தார் என்று ஒரு நூலும், அதற்குப் பின்னும் அவர் பெயரில் கடிதம் போனது என்று மற்றொன்றும் சொல்கின்றன. எது சரி?

உதகை நண்பர்:
அம்மா, 12ஆம் நூற்றாண்டில் வடக்கே டஃபஸ் நிலங்களைப் பெற்ற ஃபிரெஸ்கின் என்பவரின் வழிவந்த குலம் அது. ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் நம் வழக்கத்தைப் போலவே, அவர்களும் தங்கள் நிலங்கள் இருந்த மோரே பகுதியின் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். அவருடைய தந்தையும் ஆண்ட்ரூ மரே என்ற பெயருடையவரே. நைட் பட்டம் பெற்றவர், வடபகுதியின் தலைமை நீதிபதி. 1296 ஏப்ரலில் ஆங்கிலேயருடன் நடந்த டன்பார் போரில் தந்தையும் மகனும் சிறைப்பட்டனர். லண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பப்பட்ட தந்தை 1298இல் அங்கேயே மாண்டார். செஸ்டர் கோட்டையில் அடைக்கப்பட்ட மகனோ தப்பித் தம் ஊருக்குத் திரும்பி, 1297 மே மாதத்தில் அவோக் கோட்டையில் கொடியேற்றினார். வாலஸ் தெற்கில் எழுந்த அதே காலத்தில் வடக்கை மீட்டவர் இவர் என்பதைப் பலர் மறந்துவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

குன்னூர் ஆசிரியர்:
மரணத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1297 செப்டம்பர் 11 அன்று, ஸ்டர்லிங்கில், இரண்டு குதிரைகள் மட்டுமே இணையாகச் செல்லக்கூடிய மரப்பாலத்தை ஆங்கிலப் படை கடக்கத் தொடங்கியது. பாதிப்படை மட்டும் இக்கரைக்கு வரும்வரை பொறுத்திருந்து ஸ்காட்லாந்தவர் பாய்ந்தனர். பர்லியார் மலைப்பாதையின் குறுகிய பாலங்களில் எதிர்வண்டிக்கு ஒதுங்கிக் காத்திருந்தவர்களுக்கு, அந்த நெருக்கடியில் திரும்பவும் முடியாமல் முன்னேறவும் முடியாமல் சிக்கிய படையின் நிலை எளிதில் புரியும். ஆங்கிலேய வரி நிர்வாகி கிரெசிங்ஹம் அங்கே கொல்லப்பட்டார், மரே படுகாயமடைந்தார்.

சரியாக ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 11 அன்று, ஜெர்மானிய நகரங்களான லூபெக், ஹாம்பர்க் வணிகர்களுக்கு, ஸ்காட்லாந்துத் துறைமுகங்கள் மீண்டும் திறந்துள்ளன என்று அறிவிக்கும் கடிதம் ‘ஆண்ட்ரூ மரே, வில்லியம் வாலஸ்’ என்று இருவர் பெயரிலும், மரேயின் பெயரை முதலில் வைத்து எழுதப்பட்டது. ஆயினும் 1300இல் நடந்த ஆங்கிலேய விசாரணையின் பதிவு, மரே ஸ்டர்லிங்கில் ஆங்கிலேய மன்னரை எதிர்த்துக் கொல்லப்பட்டதாகக் கூறுகிறது. உங்கள் இரண்டு நூல்களும் முரண்படுவது இதனால்தான். புண்ணால் சில வாரங்கள் நலிந்து, அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தார் என்பதே இரண்டுக்கும் பொருந்தும் விளக்கம் என்று கருதுகிறேன்.

கோத்தகிரி வாசகி:
மிக்க நன்றி, ஐயா. அவரோடு அந்த வழி நின்றுவிட்டதா?

உதகை நண்பர்:
இல்லை, அம்மா. அவர் இறந்தபின், 1298இல், அதே பெயருடன் ஒரு மகன் பிறந்தார். அந்த மகன் ராபர்ட் புரூஸ் மன்னரின் சகோதரி கிறிஸ்டினாவை மணந்து, மன்னருக்குப் பதிலாக ஆட்சி நடத்தும் காப்பாளராகி, 1335 நவம்பர் 30 அன்று கல்பிளீன் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற படையை முறியடித்தார்.