குகேஷ் ஜெயித்த மறுநாள் காலை

குடும்பக் குழு, 2 ஜூன் 2025

பெரியப்பா, 5:50
செஸ்ஸில் குகேஷ் கார்ல்சனை ஜெயித்துவிட்டான்! ராத்திரி முழுக்கத் தூக்கமே வரவில்லை.

தாத்தா, 6:04
அவன்தானே உலக சாம்பியன்? சாம்பியன் ஜெயித்ததில் என்னப்பா ஆச்சரியம்?

பெரியப்பா, 6:07
பட்டம் அவனிடம்தான் அப்பா. போன டிசம்பரில் சிங்கப்பூரில் அப்போதைய சாம்பியன் டிங் லிரனை ஜெயித்து வாங்கினான். ஆனால் ரேட்டிங்கில், அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் புள்ளியில், கார்ல்சன் 2837. குகேஷ் 50 புள்ளிக்குக் குறையாமல் கீழே. பட்டத்துக்கு இனி ஆடமாட்டேன் என்று கார்ல்சன் ஒதுங்கினாரே தவிர, முதலிடத்தை யாருக்கும் விடவில்லை. நீண்ட நேரம் ஆடும் கிளாசிக்கல் ஆட்டத்தில் குகேஷ் அவரை ஜெயிப்பது இதுதான் முதல் தடவை.

அத்தை, 6:15
போன வாரம் இவரிடம்தானே தோற்றான் அண்ணா?

பெரியப்பா, 6:16
ஆமாம்மா, அதே நார்வே போட்டி, முதல் சுற்று. இது ஆறாவது.

பாப்பா (அம்மா போனில்), 6:20
பெரியப்பா, குகேஷ் அண்ணா நல்லா ஆடினாரா, இல்லை அவர் தப்பு பண்ணினாரா?

பெரியப்பா, 6:26
இரண்டும்தான் கண்ணு. வெகுநேரம் கார்ல்சன் கைதான் ஓங்கியிருந்தது. நானே டிவியை அணைக்கப் போனேன். இவன் மட்டும் அசையவில்லை, ஒவ்வொரு நகர்த்தலிலும் அவரை யோசிக்க வைத்துக்கொண்டே இருந்தான். அங்கே 40 நகர்த்தல் வரை கூடுதல் நேரம் கிடையாது, அதற்கப்புறமும் நகர்த்தலுக்கு 10 வினாடிதான் கூடும். கடிகாரம் நெருக்கியது. 52-வது நகர்த்தலில் கார்ல்சன் குதிரையால் செக் வைத்தார். அந்த ஒரு செக்தான் ஆட்டத்தைத் திருப்பிவிட்டது.

அத்தை, 6:30
மேசையைக் குத்தினாராமே? காயெல்லாம் சரிந்த வீடியோ பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

பெரியப்பா, 6:33
குத்தினார், தப்புதான். ஆனால் போகும்போது குகேஷின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார், அதையும் பார். நூறில் 99 தடவை நான் தோற்றிருப்பேன் என்று குகேஷே சொல்லிவிட்டான். 19 வயசுப் பையன்!

பாப்பா (அம்மா போனில்), 6:37
போன போட்டியில் குதிரை போனதுமே நான் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டேன். கடிகாரத்தில் இன்னும் 40 நிமிஷம் இருந்தது. அந்த அக்காவுக்கு என்னைவிட ரேட்டிங் அதிகம், அதான்.

பெரியப்பா, 6:38
நகர்த்தல்களை எழுதின தாள் இருக்கா?

பாப்பா (அம்மா போனில்), 6:38
இருக்கு.

அம்மா, 6:40
இன்றைக்குப் பள்ளி திறக்கிறது. போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போ.

பெரியப்பா, 6:41
சாயந்திரம் வருகிறேன். நீ கை கொடுத்த இடத்தைப் பலகையில் அடுக்கி வை, அங்கிருந்து ஆடுவோம்.

பாப்பா (அம்மா போனில்), 6:41
குதிரை இல்லாத பக்கம் எனக்கு.