ஒரே லேன் கேபிள், இரண்டு கணினி: வாடகை அறையில் நெட்டைப் பகிர்வது எப்படி?

கேள்வி, செந்தூல்:
மலேசியாவில் ஒரு வாடகை அறைக்குப் புதிதாக வந்திருக்கிறோம். வீட்டுக்காரர் அறைக்குள் ஒரே ஒரு லேன் கேபிள் விட்டிருக்கிறார். வைஃபை பாஸ்வேர்டு தருவதில்லை. என்னிடம் விண்டோஸ் 11 லேப்டாப், மனைவியிடம் மேக்புக். இரண்டிலும் ஒரே நேரத்தில் நெட் வர என்ன வழி? பேசாமல் தனி இணைப்பு எடுத்துவிடலாமா?

பதில், பிரிக்பீல்ட்ஸ்:
தம்பி, தனி இணைப்புக்கு இப்பவே கையெழுத்துப் போட்டுடாதீங்க. வீட்டு ஃபைபருக்குப் பெரும்பாலும் 24 மாத ஒப்பந்தம். இடையில அறை மாறினா அது உங்க கழுத்துல நிக்கும். நெட்டைப் பகிரப் போறேன்னு வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, கையில இருக்கிறதை வச்சே ஆரம்பிங்க.

கேபிளை விண்டோஸ் லேப்டாப்ல செருகுங்க. மேக்காலயும் பகிர முடியும், ஆனா மேக்புக்ல லேன் துளை கிடையாது, யூஎஸ்பி-சி அடாப்டர் வாங்கணும். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், மொபைல் ஹாட்ஸ்பாட்னு போங்க. எந்த இணைப்பைப் பகிரணும்ங்கிற இடத்துல ஈத்தர்நெட், எது வழியாங்கிற இடத்துல வைஃபை. அங்க புளூடூத் இருந்துட்டா நெட் வரும், வேகம்தான் வராது. எடிட்டை அழுத்தி பெயரும் பாஸ்வேர்டும் வைங்க. பாஸ்வேர்டு 8 எழுத்துக்குக் குறையக் கூடாது. அதிகபட்சம் 8 கருவிகள் சேரலாம்.

பேண்ட், அதாவது வைஃபை அலைவரிசை, 5 ஜிகாஹெர்ட்ஸா இருக்கட்டும். கொண்டோ மாதிரி அடுக்குமாடியில 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல நெரிசல் அதிகம். ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத சேனல் 1, 6, 11 மூணுதான், அதுல மாடி முழுக்க அடிச்சுக்கும். 5-க்குக் கான்கிரீட் சுவரைத் தாண்ட வலு கம்மி. ஒரே அறைக்குள்ள அது ஒரு குறையே இல்ல.

பலர் கோட்டை விடுற இடம் பவர் செட்டிங். ஹாட்ஸ்பாட் பக்கத்துலயே பவர் சேவிங்னு ஒண்ணு இருக்கும். யாரும் சேரலைன்னா கொஞ்ச நேரத்துல ஹாட்ஸ்பாட்டை அதுவே அணைச்சிடும்; அதை ஆஃப் பண்ணுங்க. சார்ஜர்ல இருக்கும்போது ஸ்லீப் 'நெவர்'னும், மூடியை மூடினா 'டூ நத்திங்'னும் மாத்துங்க. நீங்க லேப்டாப்பை மூடிட்டுச் சாப்பிடப் போனா மனைவியோட வீடியோ மீட்டிங் அறுந்துடும், அப்புறம் சாப்பாடும் இறங்காது.

பதில், பாயான் லெப்பாஸ்:
மேலே அண்ணன் சொன்னது சரி, ஆனால் அது ஒட்டுவேலை. இரண்டு பேரும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதென்றால் ஒரு சாதாரண ரவுட்டர் வாங்கிவிடுங்கள். கோலாலம்பூரில் லோ யாட் பிளாசா, பினாங்கில் கொம்தார் பக்கத்துப் பிராங்கின் மால், இரண்டிலும் கிடைக்கும். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ரவுட்டரும் ஓடும். அதன் உருண்டை முள் பிளக் இங்குள்ள சதுர முள் சாக்கெட்டில் போகாது, அவ்வளவுதான். தளர்வாக ஆடும் பயண அடாப்டரில் நாள் முழுக்க ஓட விடாதீர்கள். பவர் அடாப்டரையே மாற்றுவதாக இருந்தால் வோல்ட்டும் முனையும் அதேபோல் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம்.

ரவுட்டரை இரண்டு விதமாக வைக்கலாம். வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் வைத்தால், ஒவ்வொரு கருவிக்கும் வேண்டிய ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) வீட்டுக்காரரின் ரவுட்டரே கொடுக்கும். ஹாலில் உள்ள பிரிண்டரும் தெரியும். மெனுவில் அந்த மோட் இல்லையென்றால், கேபிள் செருகிய லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள். டிஃபால்ட் கேட்வே என்று வருவதுதான் வீட்டு ரவுட்டரின் முகவரி. அது 192.168.0.1 என்றால், உங்கள் ரவுட்டருக்கு அதே வரிசையில் யாரும் பயன்படுத்தாத ஒரு முகவரி, உதாரணமாக 192.168.0.2, கொடுங்கள். முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபி வசதியை அணையுங்கள். சுவரிலிருந்து வரும் கேபிளை வெளி இணைப்புக்கான வான் (WAN) துளையில் அல்ல, லேன் துளையில் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும், வீடு முழுக்க நெட் தடுமாறும், வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

அந்தக் கேபிளில் ஒரு கருவிக்கு மட்டும் அனுமதி வைத்திருந்தால் ஆக்சஸ் பாயின்ட் உதவாது. ரவுட்டர் மோடிலேயே விட்டு, வான் துளையில் செருகுங்கள். வெளியே பார்ப்பவருக்கு அறை முழுக்க ஒரே கருவியாகத் தெரியும். விண்டோஸ் ஹாட்ஸ்பாட்டும் இதையேதான் செய்கிறது. இதில் ஹால் பிரிண்டர் தானாகத் தென்படாது.

கேள்வி, செந்தூல்:
நன்றி அண்ணா. ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தேன். மேக்கில் வைஃபை சேர்கிறது, பக்கம் எதுவும் திறக்கவில்லை.

பதில், பிரிக்பீல்ட்ஸ்:
மேக்ல வைஃபை டீட்டெய்ல்ஸ்ல ஐபி முகவரியைப் பாருங்க. 169.254-ல ஆரம்பிச்சா முகவரியே கிடைக்கலைன்னு அர்த்தம். ஹாட்ஸ்பாட்டை அணைச்சுப் போடுங்க. அப்பவும் அதேன்னா விண்டோஸ்ல தனியா போட்ட ஆன்டிவைரஸோட ஃபயர்வால் மறிக்குதான்னு பாருங்க. 192.168.137-னு ஆரம்பிச்சா ஹாட்ஸ்பாட் தன் வேலையைச் செஞ்சிடுச்சு, சிக்கல் அதுக்கு அந்தப் பக்கம். உங்க லேப்டாப்ல கம்பெனி விபிஎன், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போற பாதுகாப்பான இணைப்பு, ஓடுதா? விபிஎன்னைத் துண்டிச்சு, ஹாட்ஸ்பாட்டை அணைச்சு மறுபடி போட்டுப் பாருங்க. நெட் வந்துட்டா காரணம் அதுதான். கம்பெனி லேப்டாப்ல ஹாட்ஸ்பாட் பொத்தானையே ஐடி பிரிவு பூட்டி வச்சிருந்தா அதோட மல்லுக்கட்டாதீங்க, பாயான் லெப்பாஸ்காரர் சொன்ன ரவுட்டர்தான் வழி.

பதில், பாயான் லெப்பாஸ்:
ஒன்று விட்டுப்போனது. கேபிள் வராத நாளில் கைபேசியிலிருந்து பகிர நினைத்தால், திட்டத்தின் சிறு எழுத்தைப் படியுங்கள். "அன்லிமிடெட்" என்று விற்கும் பல திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு உண்டு. யூஎஸ்பி கேபிளில் பகிர்ந்தாலும் அந்தக் கணக்கில்தான் சேரும். விண்டோஸில் அந்த இணைப்பை மீட்டர்ட் (அளவு பார்த்துச் செலவழிக்கும் இணைப்பு) என்று குறித்துவிடுங்கள், பெரிய அப்டேட்டுகள் பெரும்பாலும் காத்திருக்கும். மேக்கில் அதே வேலைக்கு லோ டேட்டா மோட்.