கண்ணாடியோடு ஒட்டிப்போன பாட்டி படம்: மதுரையில் யாராவது உதவ முடியுமா?

எங்கள் தெருவுக்கே பாட்டியாக இருந்தவர் போன வாரம் தவறிவிட்டார். ஊருக்குப் போகிற எல்லார் வீட்டுச் சாவியும் அவரிடம்தான் இருக்கும். அடுத்த வியாழன் பதினாறாம் நாள் காரியம். முகம் தெளிவாக விழுந்த படம் ஒன்றுதான்: 4×6 அங்குல கலர் பிரிண்ட், ஈரம் ஏறி பிரேம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது.

தயவுசெய்து உரிக்கச் சொல்லாதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் இளகி, காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியில் நிற்கும், தாள் மட்டும் கையில் வரும்.

கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டும். மெலிந்த வீட்டு ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை; தாள் ஸ்கேனரோடு ஒட்டி இருந்தால்தான் தெளிவாக எடுக்கும். இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி இடையில் வந்தாலே மங்கிவிடும். பழைய, தடித்த சிசிடி ஸ்கேனர் (லென்ஸ் வைத்தது, சற்றுத் தள்ளி இருப்பதையும் தெளிவாக எடுக்கும்) இதற்குத் தோது. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் 2400×3600 பிக்சல் கிடைக்கும், 12×18 பிரிண்டுக்குப் போதும். 300-இல் எடுத்தால் புள்ளி தெரியும்.

மதுரையில் அப்படி ஸ்கேனர் வைத்திருக்கும் ஸ்டுடியோ எது? இல்லையென்றால், நல்ல கேமராவில் பிளாஷ் இல்லாமல், கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்து, பிரதிபலிப்பு விழாமல் எடுத்துத் தருபவர்கள் இருக்கிறார்களா?

கறையைக் கையால் திருத்துபவராக இருந்தால் நல்லது. செயலியில் போட்டுப் பார்த்தாயிற்று: சுருக்கமெல்லாம் போய் வேறு யாரோ மாதிரி இருக்கிறார். மூக்குத்தியும் காணோம்!