மறுமொழி: பேட்டரியின் ‘சல்பேஷன்’ – படிவா, இறுகலா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, வணக்கம்.

இருசக்கர வாகனப் பராமரிப்புக் கையேட்டில் ‘சல்பேஷன்’ (பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, மின்னேற்றத்துக்கு இணங்காமல் போகும் கேடு) என்பதைக் குறிக்க ‘கந்தகமேற்றம்’, ‘சல்பேட் படிவு’ என்னும் இரு சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. முதற்சொல்லை உடனே விலக்கிவிடலாம். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் வல்கனைசிங்கையே அது நினைவூட்டுகிறது. (பேட்டரியை ‘மின்கல அடுக்கு’ என்று எழுதலாம்தான். ஆனால் கடையில் பேட்டரி என்று கேட்டால்தான் கிடைக்கும் என்பதால், கையேட்டில் அப்படியே விட்டுவிடுவோம்.)

‘படிவு’ குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஈய-அமில பேட்டரியில் மின்னிறக்கம் (பேட்டரி மின்னை வெளியே தருவது) நடக்கும்போதெல்லாம் இரு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் உண்டாகத்தான் செய்கிறது. அது கோளாறன்று, பேட்டரி இயங்கும் முறையே அதுதான். நுண்ணிய படிகங்களாக இருக்கும்வரை அது அடுத்த மின்னேற்றத்தில் ஒரு தகட்டில் ஈயமாகவும் மற்றதில் ஈய டைஆக்சைடாகவும் திரும்பிவிடும். மின்னேற்றம் குறைந்த நிலையிலேயே வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால்தான் அப்படிகங்கள் பெருத்து, கெட்டிப்பட்டு, மின்னேற்றத்துக்கு இணங்காதவையாகித் தகட்டின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கின்றன. ஆகவே கேடு சல்பேட் படிவதில் இல்லை, அது இறுகுவதில்தான் இருக்கிறது. மேலும், ‘படிவு’ என்று படிப்பவர் பேட்டரியின் முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் பொடியையே எண்ணுவார். அதைக் கழுவி வாசலின் தடவிவிட்டால் பேட்டரி தேறிவிடும் என்றும் நம்பிவிடுவார்.

எனவே ‘சல்பேட் இறுகல்’ என்பதே என் பரிந்துரை. வாக்கியத்தில் அது எப்படிப் பொருந்துகிறது என்று காணக் கையேட்டுக்கான பத்தியொன்றை எழுதிப் பார்த்தேன்:

“மோட்டார் சைக்கிள் பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும். அதற்கு முன்பே அது ஓய்ந்துபோவதற்குச் சல்பேட் இறுகல் ஒரு முக்கியக் காரணம். வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் 12.7 வோல்ட் அளவில் காட்டினால் முழு மின்னேற்றம் இருக்கிறது, 12.4-க்குக் கீழே இறங்கினால் தாமதியாமல் சார்ஜ் செய்ய வேண்டும். 5 ஆம்பியர்-மணி பேட்டரியைச் சார்ஜ் செய்ய 0.5 ஆம்பியர் மின்னோட்டம் போதும். செல்ஃப் ஸ்டார்ட்டில் கிளப்பித் தெருமுனைக் கடையோடு அணைத்துவிடும் பயணங்கள், கிளப்புவதற்குச் செலவான மின்னைக்கூட ஈடுகட்டாமல் போகலாம். 2017 ஏப்ரலுக்குப் பின் இந்தியாவில் வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கும் எரிகிறது என்பதை மறக்கலாகாது. நிறுத்திவைத்த வண்டியிலும் தன்னிறக்கம் (பேட்டரியின் மின்னேற்றம் தானாகவே குறைவது) நடந்துகொண்டிருக்கும், வெப்பம் கூடினால் அது விரைவுபடும். எஞ்சினைச் சற்று முடுக்கியும் முனைகளுக்கிடையே 13.5 வோல்ட் எட்டவில்லை என்றால் சார்ஜிங் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும், பேட்டரியை மாற்றிப் பயனில்லை. மூடி திறக்கும் வகைகளில் நீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும், அமிலம் கூடாது.”

‘தன்னிறக்கம்’ என்பதையும் இதிலேயே பயன்படுத்தியிருக்கிறேன். மின்னேற்றம், மின்னிறக்கம் என்பவற்றோடு அது இயல்பாக இணைகிறது.

மறுமொழி 1

ஐயா, ‘இறுகல்’ எனக்கு ஏற்புடையதே. ஆனால் ஈய சல்பேட்டும் ஓர் உப்புத்தானே? ‘உப்பிறுகல்’ என்றால் அயற்சொல் நீங்கி ஒரே சொல்லாகிவிடுமே.

மறுமொழி 2

வேதியியல்படி நீங்கள் சொல்வது சரிதான், நண்பரே. ஆயினும் உப்பு என்றதும் நம்மவர்க்குப் போர்வெல் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். குழாய்த் தண்ணீரை ஊற்றியதால் வந்த கேடு என்று பொருள்கொள்வர். அதுவும் பேட்டரியைக் கெடுக்கும் என்றாலும் அது வேறு கேடு. சல்பேட் என்பது பள்ளிப் பாடநூல் வழியே பழகிய சொல்லாதலால் அதை வைத்துக்கொள்வதில் இழப்பில்லை. இதோடு தொடர்புடைய இன்னொரு சொல்லும் நமக்குத் தேவைப்படுகிறது. இறுகிய சல்பேட்டைப் போக்குவதற்கென ‘டீசல்பேட்டர்’ என்று விற்கப்படும் கருவியை ‘இறுகல் நீக்கி’ என்றால், அது செத்த பேட்டரிக்கும் உயிர்கொடுக்கும் என்ற தவறான நம்பிக்கை பிறக்கும். தொடக்க நிலையில் சிறிது பயன் தரலாமே தவிர, முற்றிய இறுகலை அதனால் மீட்பது அரிது; ஆகவே ‘இறுகல் தளர்த்தி’ என முன்மொழிகிறேன்.